அத்தியாயம் 14: காது வெட்டிய நாற்றுகள்

“ஞாயித்துக்கிழமை வர்றேன். அத்தாவைக் கூட்டிட்டுப் போயிடுறேன். இதுல பேச்சுக்கே இடமில்ல.”

நாத்தனார் பூருல் இப்படிச் சொல்லிப் போனை வைத்தது வியாழக்கிழமை. இதோ, ஞாயிறும் வந்துவிட்டது.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. ஏப்ரல் முடியப் போகிறது என்று நரின் ஊருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அசில்கான் அடுப்பில் இரண்டு வறட்டியைப் போட்டுவிட்டுக் கெட்டிலை ஏற்றினாள். அத்தா, அதாவது மாமனார் காதிர்குல், விடிந்ததுமே ஆட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். அவருக்கு இப்போது ஆடு கிடையாது. போன செப்டம்பரில் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தபோதே மந்தை முழுவதும் கைமாறிவிட்டது. இருந்தாலும் ஞாயிறு தவறாது. போவார், நாலு ஆட்டின் முதுகைத் தடவுவார், நாலு பேரோடு விலை பேசுவார், ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார்.

கடைசி மகன் மேதேர், அசில்கானின் கணவன், எல்லைக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும். நவம்பரில் கல்யாணமாகி வந்ததிலிருந்து இவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. மாமனாரும் மருமகளிடம் வளவளவென்று பேசக் கூடாது. பிறகு பேச்சு எங்கிருந்து வரும்?

வந்தது. மார்ச்சில், ஒரு விதைப் பொட்டலத்தோடு வந்தது.

“இது என்ன புள்ள?”

“முட்டைக்கோஸ் விதை அத்தா. சந்தையில வாங்கினேன்.”

“இதுவா? ஆட்டுக் காதுல இருக்கிற உண்ணி இதைவிடப் பெருசா இருக்குமே.”

அசில்கான் டோக்மோக் நகரத்துப் பெண். அப்பா பஸ் ஓட்டினார். அவள் அதுவரை ஒரு வெங்காயம்கூட நட்டதில்லை. காதிர்குல்லோ அறுபத்தெட்டு வயது வரை புல்லைத் தவிர வேறு எதுவும் வளர்ந்து பார்த்ததில்லை, அதுவும் தானாக வளர்ந்தது. இரண்டு பேரும் பால் அட்டைப் பெட்டிகளை வெட்டி, மண் நிரப்பி, ஜன்னல் திட்டில் அடுக்கினார்கள். முப்பத்து நாலு முளைத்தன.

அதற்கப்புறம் கிழவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மதியம் பன்னிரண்டுக்கு எல்லாப் பெட்டியையும் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போவார். “மேய விட்டாச்சு,” என்பார். நாலு மணிக்கு எண்ணி எண்ணி உள்ளே கொண்டுவருவார். “பட்டியில அடைச்சாச்சு.”

ஒரு நாள் அசில்கான் கேட்டாள்: “இடமே இல்ல அத்தா. இளைச்சிருக்கிறதைப் பிடுங்கிடலாமா?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“குட்டி இளைச்சுப் பொறந்தா தூக்கி வெளில போடுவியா நீ?”

அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்று காலை அவள் திரையை விலக்கினாள். கை அப்படியே நின்றது.

தையல் மெஷின் பக்கத்து நாற்றுகளில் இலையோரம் கடிபட்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு இலையில் கடி, அதுவும் ஓரத்தில். எண்ணினாள். பதினேழு. மற்றப் பதினேழும் சுத்தமாக இருந்தன.

விதைக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. “இலையோரத்துல கடி தெரிஞ்சா யோசிக்காத. பிடுங்கித் தூரப் போடு. ஒரு நாள் விட்டா எல்லாத்துக்கும் ஏறிடும்.”

அத்தா இருந்தால் விடமாட்டார். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதற்குள் பூச்சி மிச்சத்தையும் தின்றுவிடும். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அசில்கான் பதினேழையும் பிடுங்கினாள். முற்றத்து மூலையில் சாம்பல் கொட்டும் மேட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்து கை கழுவினாள். மிச்சப் பதினேழையாவது காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

காதிர்குல் வந்து தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார். பார்வை நேராக ஜன்னலுக்குத்தான் போனது.

“மெஷின் பக்கம் இருந்ததெல்லாம் எங்க புள்ள?”

“எடுத்துட்டேன் அத்தா. வெளில போட்டுட்டேன்.”

“வெளில.”

“ஆமா அத்தா.”

“பார்த்துத்தான் போட்டியா?”

“பார்த்துத்தான் அத்தா. வெட்டு இருந்ததை மட்டும்தான் போட்டேன். உங்க பக்கம் இருந்ததை ஒண்ணும் தொடலை.”

காதிர்குல் தலையை ஆட்டினார். மெதுவாக, இரண்டு தடவை. அசில்கான் விதைக்காரி சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் கார் ஹாரன் அலறியது.

“அத்தாவோட பெட்டியைக் கட்டியாச்சா?”

காரிலிருந்து ஒரு காலைக் கீழே வைக்கும்போதே பூருல் கேட்ட கேள்வி இது. நாற்பத்தொரு வயது. பிஷ்கேக்கில் தையல் கூடத்தில் முப்பது பெண்களை மேய்க்கிறவள். அவள் குரல் அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும்.

“வாங்கக்கா. டீ குடிங்க முதல்ல.”

“டீ எங்க ஓடிடப் போகுது? கார்க்காரன் மூணு மணிக்குக் கிளம்புவான். அத்தா! ஏன் இப்படி எலும்பா இருக்கீங்க? கெலின், நீ அவருக்குச் சோறு போடுறியா, இல்ல செடிக்குப் போட்டுட்டு மிச்சத்தைப் போடுறியா?”

கெலின் என்றால் வீட்டு மருமகள்; பூருல் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். மூவரும் பாய் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பால் சேர்த்த டீ, எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டித் துண்டுகள், கிண்ணத்தில் கெட்டிப் பாலேடு. பாலேட்டை யாரும் தொடவில்லை.

பூருல் ஆரம்பித்தாள். “அத்தா, நான் சண்டை போட வரலை. மேதேர் லாரிலயே குடித்தனம் நடத்துறான். இந்தப் பொண்ணு பகல் பூரா தையல். உங்களுக்கு இடுப்பு வலிச்சா யாரு பார்ப்பா? எங்க வீட்ல லிஃப்ட் இருக்கு. டாக்டர் பக்கத்துல. மூத்தவன்னு ஒருத்தன் இருந்தும்...”

நிறுத்திக்கொண்டாள். கிழவரின் கையிலிருந்த டீக் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

மூத்த மகன் நுர்காசி. அப்பாவைக் கேட்காமல் அவருடைய பந்தயக் குதிரையை விற்றுவிட்டு ரஷ்யாவுக்குப் போனவன். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் அந்தப் பெயர் இல்லை. கல்யாணத்துக்கு அண்ணனைக் கூப்பிடலாம் என்று மேதேர் நம்பர் கேட்டபோதுகூட, “சத்தியமா என்கிட்ட இல்லடா,” என்று பூருல் கையை விரித்துவிட்டாள்.

“நீங்க வரமாட்டேன்னுதான் சொல்வீங்க, தெரியும்,” என்று அவள் அவசரமாகப் பேச்சைத் திருப்பினாள். “குளிர்காலம் பூரா அதைத்தானே சொன்னீங்க. ஆனா இந்தத் தடவை...”

“வர்றேன்.”

“என்னது?”

“வர்றேன்னு சொன்னேன். துணியெல்லாம் பச்சை டிரங்குப் பெட்டில இருக்கு.”

காதிர்குல் கிண்ணத்தைக் கீழே வைத்து அதன் வாயைக் கையால் மூடினார். போதும் என்று அர்த்தம். எழுந்து முற்றத்துக்குப் போனார். ஜன்னல் வழியே அசில்கான் பார்த்தாள். சாம்பல் மேட்டருகே கொஞ்ச நேரம் நின்றார். குனியவில்லை. அப்புறம் வாசல் பக்கம் போய் மர பெஞ்சில், தொப்பியைக் கழற்றாமல், பனியில் உட்கார்ந்துகொண்டார்.

“என்னடி பண்ணின அவரை?”

உள் அறையில் பூருல் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சண்டை கிடைக்காததில் ஏமாற்றம்.

“நான் ஒண்ணும் பண்ணலக்கா.”

“ஒண்ணும் பண்ணாமலா? போன வாரம்கூட, ‘கோஸ் பூக்காம நான் எங்கயும் வரமாட்டேன்’னு போன்ல கத்தினாரு.”

“கோஸ் பூக்கக் கூடாதுக்கா. பூத்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

“அதெல்லாம் எனக்கெதுக்கு? அவர் ஏன் இப்ப வர்றேன்னாரு?”

அசில்கான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே திரும்ப மடித்தாள்.

“என்கூட இருந்து அலுத்துப்போச்சு போல. நான் என்னக்கா செய்றது? பேசத் தெரியாது எனக்கு. பேசவும் கூடாது. நீங்களாவது வாய் நிறையப் பேசுவீங்க.”

“அழறியா?”

“இல்ல.”

“மூக்கு சொல்லுதே.” பூருலின் குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்த உள்கோட்டை எடு. சாணி நாத்தம் அடிக்குது. தோய்க்காமலே கொண்டுபோறேன், இல்லன்னா அங்க அவருக்குத் தூக்கம் வராது.”

கம்பளி உள்கோட்டை உதறியபோது பையிலிருந்து என்னவோ ‘ணங்’கென்று விழுந்தது.

ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

“அட, இது என்னோடது!” என்றாள் அசில்கான். “பித்தான் ஓட்டை வெட்டுறது. நேத்து ராத்திரியிலேருந்து தேடிட்டிருக்கேன்.”

பூருல் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பு முழுக்கப் பச்சைக் கறை. மூக்கருகே கொண்டுபோனாள்.

“கோஸ் வாடை.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“கெலின், அந்தச் செடியில எதையாவது வெட்டினாரா?”

“இல்லக்கா. பூச்சிதான் கடிச்சிருந்தது. இலையோரத்துல. பதினேழு செடியில. காலைல நான்தான் பிடுங்கி...”

“கடி எப்படி இருந்தது?”

“எப்படின்னா?”

“பிஞ்சு பிஞ்சு இருந்ததா, ஒரே மாதிரி இருந்ததா?”

அசில்கானின் கையிலிருந்த சட்டை நழுவியது.

“ஒரே மாதிரி,” என்றாள். “கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒரே இடத்துல.”

“அடிப்பாவி! கடிச்சது பூச்சி இல்லடி. எங்கப்பன்!”

சாம்பல் மேட்டில் இருவரும் மண்டியிட்டார்கள். நேற்றையச் சாம்பல், சூடு இல்லை. நாற்றுகள் வாடித் துவண்டு கிடந்தன, ஆனால் வேரோடு இருந்தன. பூருல் ஒன்றை எடுத்து இலையை விரலால் விரித்தாள்.

“நீ டவுன்காரி, உனக்கு எப்படித் தெரியும்? பத்து வீட்டு ஆடு மலையில ஒண்ணா மேயும். எது யாரோடதுன்னு காதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறது. எங்க வீட்டுக் குறி வலது காதுல ஒரு வெட்டு.” அவள் இலையைச் சாய்த்துப் பார்த்தாள். “இலைக்கு எதுடி வலது? சரி, இது வலதுன்னே வெச்சுக்கோ. ஆனா இதுல...”

“ரெண்டு வெட்டு இருக்கு.”

“ரெண்டு இருக்கு.”

பூருல் அடுத்த நாற்றை எடுத்துப் பார்த்தாள், அதிலும் இரண்டு.

“அக்கா?”

“புது மருமக மொதமொதல்ல அடுப்படிக்கு வந்து குனிஞ்சு கும்பிட்டா, மாமனார் ஒரு உயிர் குடுக்கணும். ஆடோ குதிரையோ, வசதிக்குத் தக்கன. எங்கம்மா வந்தப்ப எங்க தாத்தா ஒரு செம்மறி குடுத்தாராம். மருமகளுக்குக் குடுத்ததுன்னா காதுல ரெண்டாவது வெட்டு. அப்புறம் அதை யாரும் விக்க முடியாது, அறுக்க முடியாது. அது மாமனார் மந்தையிலதான் மேயும், ஆனா அவளோடது.”

“எனக்கு ஒண்ணும்...”

“குடுக்க என்ன இருந்தது? செப்டம்பர்ல மந்தை போச்சு, நவம்பர்ல நீ வந்த. மருமகளுக்கு வெறுங்கையைக் காட்டினேன்னு என்கிட்ட எத்தனை தடவை போன்ல புலம்பினாரு தெரியுமா? நான்தான், ‘இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பார்க்கிறா’ன்னு விட்டுட்டேன்.”

முப்பத்து நாலில் பாதி. தையல் மெஷின் பக்கம் இருந்தவை, அவள் உட்காரும் பக்கம் இருந்தவை. ஞாயிற்றுக்கிழமை மகள் வரப்போகிறாள், சாட்சி இருக்கும், கொடுத்துவிடலாம் என்று ராத்திரியே கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார்.

‘வெட்டு இருந்ததை மட்டும்தான் போட்டேன்.’

தான் சொன்னது இப்போதுதான் அசில்கானுக்குக் கேட்டது. அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதும் சேர்த்துக் கேட்டது.

அவள் நாற்றுகளை இடுப்பில் கட்டியிருந்த முன்துணியில் அள்ளினாள். எழுந்தாள். பூருல் மட்டும் எழவில்லை. கடைசியாகக் கிடந்த ஒரு நாற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அதையும் குடுங்க.”

“நீ போ. போய் அவர்கிட்டப் பேசு. நான் வர்றேன்.”

வாசல் பெஞ்சில் கிழவரின் தோளில் பனி ஏறியிருந்தது. அசில்கான் அவருக்கு எதிரே போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

“அத்தா, நான் பூச்சின்னு நெனச்சேன்.”

“எது?”

“இது. இந்த வெட்டு. இலையோரத்துல கடி இருந்தா பிடுங்கிப் போடணும்னு விதைக்காரி சொன்னா. இருந்தா மத்ததுக்கும் ஏறிடும்னு... உங்க பக்கம் இருக்கிறதாவது பிழைக்கட்டும்னுதான் நான்...”

காதிர்குல் முன்துணியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

“பூச்சியா?”

“ஆமா அத்தா.”

“நாப்பத்தஞ்சு வருஷமா காது வெட்டியிருக்கேன். ஆயிரக்கணக்குல. என் வெட்டைப் பார்த்து ஒரு பய பூச்சின்னு சொன்னதில்ல.”

“தெரியாது அத்தா.”

“என் குறியைச் சந்தையில நூறடி தள்ளி நின்னு அடையாளம் சொல்வாங்க. பூச்சியாம்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று அசில்கானுக்கு முதலில் தெரியவில்லை.

“மருமக வாயால சொல்ல மாட்டா,” என்றார் வேலியைப் பார்த்துக்கொண்டே. “கையாலதான் சொல்வா. எல்லா வீட்லயும் அப்படித்தான். குறியைப் பார்த்த, குறி போட்டதை மட்டும் பொறுக்கி வெளில போட்ட. கோஸைக் குடுத்து ஏமாத்துறான் கிழவன்னு நெனச்சியோ, இல்ல கிழவனே வேண்டாம்னு நெனச்சியோ. ரெண்டுல எதுவா இருந்தாலும், உள்ளதைச் சொல்லிட்ட. கிளம்ப வேண்டியதுதானேன்னு நெனச்சேன்.”

அசில்கான் குனிந்தாள். கல்யாணத்தன்று குனிந்த மாதிரி, இடுப்பு வரைக்கும். நிமிர்ந்தபோது குரல் உயர்ந்திருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

“இது என்னோடதுன்னா, யாரு மந்தையில மேயணும் அத்தா?”

“என்ன?”

“மருமகளுக்குக் குடுத்த உயிரு மாமனார் மந்தையிலதான் மேயும்னு அக்கா சொன்னாங்க. குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு லிஃப்ட்ல ஏறிப் போயிட்டா இதை மதியானம் யாரு வெளில விடுறது? யாரு நாலு மணிக்கு அடைக்கிறது? எனக்கு எண்ணத் தெரியும். மேய்க்கத் தெரியாது.”

கிழவர் அவளை உற்றுப் பார்த்தார். கல்யாணத்திலிருந்து இதுவரை அவள் அவரிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

“துணியை மூடு,” என்றார். “பனி விழுது அது மேல. குட்டிக்குக் குளிர் தட்டினா முதல்ல என்ன செய்யணும்?”

“தெரியாது அத்தா.”

“எனக்கும் கோஸுக்குத் தெரியாது. ஆட்டுக்குத் தெரியும். வா, அதையே செஞ்சு பார்ப்போம்.”

அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, அவருடைய ஆட்டுத்தோல் கோட்டை ரோமம் மேலே இருக்க விரித்தார்கள். அதன்மேல் ஈரத்துணி, ஈரத்துணியில் நாற்றுகள். அசில்கான் பெட்டிகளில் மண்ணைக் குத்திவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து ஆழமாக நட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டாள்.

“அத்தா, இலைக்கு எது வலது?”

“சூரியனைப் பார்த்துத்தானே நிக்குது? அதுதான் முகம். அதுக்கு வலது கைப்பக்கம் வலது.”

“நான் பெட்டியைத் தினமும் திருப்பி வெக்கிறேனே?”

“அதான் பார்த்தேன். ஒரு நாளும் ஒழுங்கா நிக்க விட மாட்டேங்கிற நீ.”

வெளியே ஹாரன் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மணி மூன்று.

பூருல் வாசற்படியில் நின்றாள். பச்சை டிரங்குப் பெட்டி அறை நடுவில் திறந்தே கிடந்தது. அதையும் பார்த்தாள், அடுப்பருகே தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் பார்த்தாள்.

“அஞ்சு மணி நேரம் பனியில வந்திருக்கேன்,” என்றாள். “ஒரு முட்டைக்கோஸ்கிட்டத் தோத்துப் போறதுக்கு.”

“பதினேழு,” என்றார் காதிர்குல். “ஒண்ணுகிட்ட இல்ல.”

“இடுப்பு வலிச்சா?”

“வலிக்கும். அங்க வந்தா வலிக்காதா?”

“கெலின், நீ என்ன சொல்ற?”

அசில்கான் மண்ணிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: “டிரங்குப் பெட்டியை நான் திரும்ப அடுக்கிடுறேன்க்கா.”

பூருல் குனிந்து அப்பாவின் தொப்பியைச் சரிசெய்தாள். கன்னத்தில் ஒரு முத்தம். அசில்கானின் தலைத்துணியை ஒரு இழு இழுத்தாள். “வாய் வந்துடுச்சு இவளுக்கு. இனிமே யாரு தாங்குறது?” என்று சொல்லிவிட்டு, வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்காமலே வாசல் பக்கம் நடந்தாள்.

காதிர்குல் பெட்டிகளின் மேல் விரலை ஓட்டி எண்ணினார். பதினாறில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“பதினேழையும் அள்ளினோமே அத்தா,” என்றாள் அசில்கான். “கடைசி ஒண்ணு அக்கா கையில...”

கிழவர் தலையைத் தூக்கி மகளின் முதுகைப் பார்த்தார். அந்தக் கோட்டுப் பையைப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு,” என்றார். “தண்ணி விடு புள்ள.”

கார் பாலத்தைத் தாண்டியபோது பூருல் பையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் அந்தப் பதினேழாவது நாற்று, வேரைச் சுற்றி ஈரக் கைக்குட்டை. இதன் வலது இலையில் வெட்டு இல்லை. இடது இலையின் நுனி மட்டும், இரட்டைவால் குருவியின் வாலைப் போல இரண்டாகப் பிளந்து வெட்டப்பட்டிருந்தது. அந்தக் குறியை அவள் சின்ன வயதில் ஒரே ஒரு ஆட்டுக்குட்டியின் காதில்தான் பார்த்திருக்கிறாள். அண்ணன் முதன்முதலாகச் சேணத்தில் உட்கார்ந்த நாளில் அத்தா அவனுக்குக் கொடுத்த குட்டி.

போனை எடுத்தாள். தன்னிடம் இல்லை என்று ஒன்பது வருடமாக அவள் சத்தியம் செய்துகொண்டிருந்த நம்பரை அழுத்தினாள். மணி ரொம்ப நேரம் அடித்தது.

“அண்ணா, நான்தான். பேசாத, கேளு. அத்தா உனக்கும் ஒண்ணு வெட்டி வெச்சிருக்காரு.”